ஆண்டவருடைய நாளில் ஊர் சுற்றலாமா?



ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாண நகரத்துக்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். பண்ணைக் கரையோரம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. காற்று வாங்க வந்த குடும்பங்கள் கச்சான் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் நடக்கின்றன. சுப்பிரமணியம் பூங்காவில் ஊஞ்சலுக்காகப் பிள்ளைகள் சண்டை பிடிக்கின்றார்கள். நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீம் கடைகளில் இருக்க இடமில்லை. படம் முடிந்து வருகின்ற இளைஞர் கூட்டம் ஒருபுறம். கொத்து ரொட்டித் தகட்டில் இரும்பு அடிபடுகின்ற தாளம் மறுபுறம். அவற்றிற் பல, காலையில் தேவாலயத்தில் நாம் கண்ட அதே முகங்கள். உடுப்பும் அதே உடுப்புத்தான். பூசைக்கென்று உடுத்தியதை மாற்றாமலே வந்திருக்கின்றார்கள்.

இதைக் கண்டு மனம் நொந்த பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, எங்கள் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் பூசை, பின்னேரம் ஆசீர்வாதம், இரவில் செபமாலை. இப்போது என்னவென்றால் கடைச் சாப்பாடும் படமும் ஐஸ்கிறீமும். இதைக் கண்டித்து நீங்கள் பத்திரிகையில் எழுதக் கூடாதா?"

எழுதுவதாகச் சொன்னோம். எழுதுகின்றோம். ஆனால், அவர் எதிர்பார்த்த கண்டனத்தை அவருக்குத் தர எம்மால் முடியவில்லை.

சட்டம் என்றவுடன் அதில் தடைகள்தாம் இருக்கும் என்று எண்ணுவது நம்மவர் பழக்கம். 1983-ம் ஆண்டு வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1247-ம் இலக்கத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் பங்குபற்றுவது விசுவாசிகளின் கடமை என்று முதலில் சொல்லுகின்றது. அடுத்து, அன்று எவ்வித வேலைகளை விலக்க வேண்டும் என்று விளக்குகின்றது. இறைவனுக்குரிய வழிபாட்டைத் தடுக்கின்ற வேலை ஒன்று. ஆண்டவருடைய நாளுக்கே உரிய மகிழ்ச்சியைத் தடுக்கின்ற வேலை இன்னொன்று. உள்ளத்துக்கும் உடலுக்கும் வேண்டிய ஓய்வைத் தடுக்கின்ற வேலை மற்றொன்று. கவனித்தீர்களா? வழிபாட்டோடு ஒரே வரிசையில் மகிழ்ச்சியையும் ஓய்வையும் திருச்சபை வைத்திருக்கின்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பவர் தாம் பெரிய பக்திமான் என்று எண்ணலாம். சட்டம் அவர் பக்கம் இல்லை.

இஃது இக்காலத்துச் சலுகையுமன்று. ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி கசியான் எழுதி வைத்த ஒரு கதையைப் புனித தோமா அக்குவினாஸ் தமது பெரிய நூலில் எடுத்துச் சொல்லுகின்றார். அப்போஸ்தலரான அருளப்பர் ஒருநாள் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்தாராம். கண்டவர்கள் இடறற்பட்டார்கள். அருளப்பர் அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து, ஓர் அம்பு விடச் சொன்னார். விட்டான். இன்னும் பல அம்புகளை விட்டான். இப்படியே ஓயாமல் விட்டுக்கொண்டிருக்க உன்னால் முடியுமா என்று கேட்டார். முடியாது, வில் முறிந்து போகும் என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். இந்தக் கதையைச் சொன்ன தோமா, விளையாட்டில் அளவு மீறுவது பாவம் என்பதையும் விடாமல் சொல்லுகின்றார். அதே மூச்சில், தானும் மகிழாமல் மற்றவர் மகிழ்ச்சியையும் கெடுத்துக்கொண்டிருப்பவனும் குற்றவாளிதான் என்கின்றார். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும்!

ஆண்டவர் இயேசுவின் வாழ்க்கையைப் பாருங்கள். அவர் விருந்துகளுக்குப் போனார். போனபடியால்தான் போசனப்பிரியன், குடிகாரன் என்று எதிரிகள் அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். சாப்பிடவும் நேரமில்லாமல் சீடர்கள் அலைந்த வேளையில், தனியான ஓரிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறும்படி அவரே அவர்களை அழைத்ததாக மாற்கு எழுதுகின்றார். ஓய்வு எடுக்கச் சொல்லுகின்ற ஒரு தலைவரை நம் காரியாலயங்களில் காண்பதே அரிது.

எங்கள் மண்ணில் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1990-ம் ஆண்டு இக்குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகளுக்கு வரவில்லை. சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகள் எத்தனை! ஊரடங்குச் சட்டம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாமல், பொழுது பட முன்னர் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். இரவில் நாய் குரைத்தால் விளக்கைத் தணித்துவிட்டுச் செபம் சொன்னோம். 2006-ம் ஆண்டு ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். இன்று பிள்ளைகள் ஓடித் திரிகின்ற அதே கோட்டையைச் சுற்றி 1990-ல் நடந்த முற்றுகையை மறந்தவர் யார்? அந்த மதிலைச் சுற்றி ஒரு தகப்பன் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அந்தி வேளையில் அச்சமின்றி நடக்கின்றான் என்றால், அதை உல்லாசம் என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. நாம் எத்தனையோ ஆண்டுகள் இதைத்தானே செபத்தில் கேட்டோம்!

எந்த மகிழ்ச்சியும் நல்லதுதான் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பூசையை விட்டுவிட்டு நேரே நகரத்துக்குப் போகின்றவர் ஆண்டவருடைய நாளில் ஆண்டவரைத்தான் விட்டுப் போகின்றார். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை; அவருக்கே தெரியும். சாராயத்தில் முடிகின்ற ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் எழுத வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகத்தில் அது எழுதியிருக்கும். அயல்வீட்டார் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் போட்டார்களே என்பதற்காகக் கடன் வாங்கிப் பெரிய கடைக்குப் போவதும், போய் இருந்து ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதும் எந்த வகை மகிழ்ச்சியோ நாம் அறியோம். அறுபது ரூபா கடலையை ஆறு பேர் பகிர்ந்து உண்டு கடற்கரையில் சிரித்துக்கொண்டிருக்கின்ற குடும்பத்தைக் கண்டால் அவர்களுக்கும் புரியும்.

நிற்க. நாம் எழுத வந்த காரியம் வேறு.

ஓய்வு நாளைப் பற்றிய கட்டளையை நாம் சிறு வயதில் ஞானோபதேசத்தில் ஒரே வரியாகப் பாடமாக்கினோம். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் அதை முழுமையாக வாசித்துப் பாருங்கள். அன்று வேலை செய்யலாகாதவர்கள் யார் யார் என்று ஒரு நீண்ட பட்டியல் வருகின்றது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மாடு, உன் கழுதை, உன் ஊரில் தங்கியிருக்கின்ற அந்நியன். அத்தோடு நிற்கவில்லை. உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று காரணத்தையும் சொல்லுகின்றது. நீயும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமையாக இருந்தாய், நினைத்துக்கொள் என்கின்றது. ஓய்வு நாளை நான் அனுசரித்தேனா என்று கேட்டால் மட்டும் போதாது. எனக்குக் கீழே, எனக்காக வேலை செய்கின்றவர் அதை அனுசரிக்க என்னால் முடிந்ததா என்றும் கட்டளை கேட்கின்றது.

இந்தக் கேள்வியை முதலில் நம் வீட்டுக் குசினியில் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை நம் குடும்பங்களில் யாருக்கு அதிக வேலை? தகப்பனுக்கு லீவு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தாய்க்கோ, மற்ற நாட்களில் ஒரு கறி என்றால் அன்று நான்கு கறி. விடியப் புறத்தில் எழும்பித் தேங்காய் துருவி, இறைச்சியை வெட்டிக் கழுவி, பிள்ளைகளின் உடுப்பை மினுக்கி, எல்லாரையும் பூசைக்கு அனுப்பி, கடைசியாகத் தானும் ஓடி வருகின்றாள். இறுதிப் பாடல் பாட முன்னரே சில தாய்மார் வாசலை நோக்கி விரைவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அடுப்பில் உலை இருக்கின்றது, ஐயா! மத்தியானம் நண்டுக்கறியும் சொதியுமாக வீடே மணக்கின்றது. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டு, சட்டி பானை கழுவி அவள் நிமிரும்போது மணி மூன்று. அதற்குள் தேநீர் கேட்டு ஒரு குரல் வருகின்றது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டில், மாதத்தில் ஒரு ஞாயிறாவது "இன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம், வெளியில் போய்ச் சாப்பிடுவோம்" என்று தகப்பன் சொன்னால், அது கட்டளையை மீறுவதாகுமா? கட்டளை அன்றுதான் அந்த வீட்டுக்குள் வருகின்றது என்போம். ஒரு தாய் தான் சமைக்காத சோற்றை, சூடாக, மற்றவர்களோடு சேர்ந்து இருந்து சாப்பிடுகின்றாள். உப்புக் கூடிவிட்டதா என்ற பயம் அவளுக்கில்லை. எம்மிடம் முறையிட்ட பெரியவர் தம் மனைவியிடம் இதைக் கேட்டுப் பார்க்கட்டும். வெளியில் போக வசதி இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே தகப்பனும் பிள்ளைகளும் ஒரு ஞாயிறு தேங்காய் துருவலாம்; பிட்டு அவிக்கலாம். ஆண்பிள்ளைகள் பாத்திரம் கழுவலாகாது என்று எந்தச் சங்கமும் தீர்மானம் நிறைவேற்றவில்லை.

ஆயினும் கேள்வி இங்கே முடியவில்லை. ஒரு வீதி தள்ளிப் போய் நிற்கின்றது. நம் வீட்டுத் தாய்க்கு ஓய்வு கொடுத்தோம். அவள் செய்ய வேண்டிய வேலையை இப்போது யார் செய்கின்றார்கள்?

நம் மேசைக்குச் சோறு கொண்டு வருகின்ற தம்பியை நிமிர்ந்து பார்த்தீர்களா? பத்தொன்பது, இருபது வயதிருக்கும். வன்னிப் பக்கத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்திருப்பான். கடைக்கு மேலேயுள்ள அறையில் நான்கைந்து பேரோடு படுக்கின்றான். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போகின்றது. கழுத்தில் செபமாலை தெரிந்த இப்படியான ஒருவனோடு நாம் பேச்சுக் கொடுத்தோம். பூசைக்கு எங்கே போகின்றாய் தம்பி என்று கேட்டோம்.

"ஊருக்குப் போனால் போவன், சுவாமி."

"ஊருக்கு எப்போது போவாய்?"

"நத்தாருக்கு."

"ஏன், இங்கே பின்னேரமும் பூசை இருக்கின்றதே?"

அவன் சிரித்தான். "பூசை முடிஞ்சு எல்லாரும் எங்கடை கடைக்குத்தானே சுவாமி வருகினம்!"

அவன் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். நாம் ஆண்டவருடைய மேசையிலிருந்து எழும்பி நேரே அவனுடைய மேசைக்கு வருகின்றோம். நம் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நன்றாக இருக்கின்றதோ, அவ்வளவுக்கு அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லாமற் போகின்றது.

கானாவூர்க் கலியாண வீட்டை நாம் எத்தனை முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கின்றோம். தண்ணீர் இரசமான அற்புதத்தைப் பற்றியும், தேவமாதாவின் பரிந்துரையைப் பற்றியும் கேட்டிருக்கின்றோம். அந்தத் தண்ணீரைச் சுமந்தவர்களைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றிலும் அக்கால அளவில் இரண்டு அல்லது மூன்று பங்கு என்று அருளப்பர் எழுதுகின்றார். இன்றைய கணக்கில் ஆறுக்குமாக ஏறத்தாழ 500 முதல் 700 லீற்றர். அவ்வளவையும் மொண்டு, சுமந்து, வாய்மட்டும் நிரப்பியவர்கள் பணியாட்கள். விருந்தாளிகள் உள்ளே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த வேலை அது. பின்னர் அருளப்பர் ஒரு சிறு வசனத்தை இடையில் வைக்கின்றார். இரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி விசாரிப்போனுக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாட்களுக்குத் தெரியும். மணமகனுக்கு முன்னர், பெரிய மனிதர்களுக்கு முன்னர், ஆண்டவருடைய முதல் அற்புதத்தை அறிந்தவர்கள் குசினிப் பக்கத்தில் நின்றவர்கள். நமக்கு ரொட்டி போடுகின்ற பிள்ளையைக் கை சொடுக்கி அழைக்கும்போது இதைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

2019-ம் ஆண்டு ஏப்பிரல் 21-ம் திகதி, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அதே காலையில், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹோட்டல்களில் இறந்தவர்களுள் காலை உணவுக்கு வந்த குடும்பங்களும் இருந்தன, அவர்களுக்கு உணவு பரிமாறிக்கொண்டிருந்த ஊழியர்களும் இருந்தனர். பெருநாள் அன்றும் பணியுடுப்போடு நின்றவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் அந்நாளில் நாம் பெயர் சொல்லிச் செபிக்கும்போது, வேலைத்தலத்தில் இறந்த அந்த ஊழியர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கடையில் சாப்பிடுவது பாவமா, படம் பார்ப்பது பாவமா என்று கேட்பீர்கள். இல்லை. 1992-ம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இந்த விஷயத்தை நேராகவே எடுத்துப் பேசுகின்றது. விளையாட்டு, உணவகம் போன்றவற்றுக்காகச் சிலர் ஞாயிறு வேலை செய்ய வேண்டி வரும் என்பதை அது ஏற்றுக்கொள்கின்றது. அப்படி வேலை செய்கின்றவருக்கும் போதிய ஓய்வு நேரம் இருக்க வேண்டும் என்கின்றது. ஆண்டவருடைய நாளை மற்றவர் அனுசரிக்க முடியாதபடி தேவையற்ற வேலைகளை அவர்மேல் சுமத்தாதீர்கள் என்று ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் சொல்லுகின்றது. ஓய்வு தொழிலாளியின் உரிமை என்பதைப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-ம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1998-ம் ஆண்டு ஆண்டவருடைய நாளைப் பற்றி எழுதிய திருமுகத்தில் அதை மீண்டும் நினைவூட்டினார்.

அந்தத் தம்பியின் நிலை திருச்சபைக்குப் புதியதுமல்ல. முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அடிமைகளும் கூலியாட்களும் மலிந்த அந்தத் திருச்சபை விடிய முன்னர் கூடியது. குறித்த ஒரு நாளில் சூரியன் உதிக்க முன்னர் இவர்கள் கூடிப் பாடுகின்றார்கள் என்று பிளினி என்ற உரோமைத் தேசாதிபதி தன் மன்னனுக்கு அறிக்கை எழுதினான். 321-ம் ஆண்டில்தான் கொன்ஸ்தந்தைன் மன்னன் நகரத்தாருக்கும் தொழிற்கூடங்களுக்கும் அந்நாளை ஓய்வு நாளாக்கினான். அப்போதும் கமக்காரருக்கு விலக்கு உண்டு. பயிர் நாள் பார்த்துக் காத்திருக்காது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? எம்மிடம் முறையிட்ட பெரியவருக்கே நினைவிருக்கும். 1966-ம் ஆண்டு முதல் 1971 வரை நம் நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை. போயா நாளும் அதற்கு முந்திய அரை நாளும் வார விடுமுறையாயின. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பெரியவர்கள் கந்தோருக்குப் போனார்கள். பூசை காண்பதற்கு நேரம் தேடி ஓடிய அந்த ஐந்தாறு ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்கு, ஞாயிறு இல்லாத ஒருவனின் நிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நம் கரையோர ஊர்களிடம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இருக்கின்றது. ஒரு நாள் தொழிலை விடுவது ஏழைக்கு இலேசான காரியமல்ல. ஆனாலும் அது நடக்கின்றது. காரணம், ஒருவன் மட்டும் நின்றுவிட்டு மற்றவன் போவதில்லை, எல்லாரும் நிற்கின்றார்கள். ஒருவன் போனால் மற்றவன் வயிறு எரியும், அடுத்த வாரம் அவனும் போவான். ஊர் முழுவதும் ஒத்து நின்றால்தான் ஏழைக்கு ஓய்வு கிடைக்கும் என்பதை வலைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த நகரத்தில் நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளையை ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரியூசனுக்கு அனுப்புகின்ற தாயிடம் கேட்டால், "அடுத்த வீட்டுப் பிள்ளை போகின்றதே" என்கின்றாள். அடுத்த வீட்டுத் தாயும் இவளைக் காட்டித்தான் அதையே சொல்லுகின்றாள்.

நகரத்தை ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிட முடியாது. பூட்ட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. கடற்கரைக்கு வந்த பிள்ளை ஐஸ்கிறீம் கேட்டால் யாரோ கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் செய்யக் கூடியவை இருக்கின்றன. இப்பத்திரிகையை வாசிக்கின்றவர்களுள் கடை முதலாளிமாரும் இருக்கின்றீர்கள். 1954-ம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் முறையாக வேலை செய்கின்ற ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்துடன் லீவு கொடுக்கின்றது. அது உங்கள் கடையில் கடதாசியில் இருக்கின்றதா, நடப்பில் இருக்கின்றதா? பத்துப் பேர் வேலை செய்கின்ற இடத்தில், வாரத்துக்கு இருவராக முறை வைத்து ஞாயிறு காலையில் விட்டால் வியாபாரம் படுத்துவிடாது. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளுக்கும் அவர்களுடைய கோயில் நாட்களும் பள்ளிவாசல் நேரமும் உண்டு. அவர்கள் கேட்க முன்னர் நீங்கள் கேளுங்கள்.

எம் போன்ற குருக்களுக்கும் இதில் பங்குண்டு. முந்திய நாள் மாலையில் காணும் பூசையும் கடமையை நிறைவேற்றுகின்றது என்று அதே திருச்சபைச் சட்டத்தின் 1248-ம் இலக்கம் சொல்லுகின்றது. ஆனால் மாலை ஐந்தரை மணி என்பது யாருக்கு வசதியான நேரம்? கடைப் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், பஸ் நடத்துநருக்கும் அல்ல. பங்குகள் சில ஒன்றுசேர்ந்து நகரத்தில் ஒரு பூசையை இரவு ஒன்பது மணிக்கு வைத்தால், முன் வரிசையில் யார் இருப்பார்கள் என்று பார்க்க எமக்கு ஆசையாக இருக்கின்றது.

சாப்பிடப் போகின்ற குடும்பங்களுக்குப் பெரிய பாரம் ஒன்றையும் நாம் வைக்கவில்லை. பரிமாறுகின்றவனின் பெயரைக் கேளுங்கள். "டேய்" வேண்டாம், "தம்பி" போதும். பிள்ளைகள் கொட்டியதை நீங்களே துடைத்துவிடுங்கள். கடை பூட்டுகின்ற நேரத்தில் பத்துப் பேராகப் போய் இறங்காதீர்கள். காசு கொடுத்துவிட்டோம்தானே என்று எண்ணாதீர்கள். காசு முதலாளிக்குப் போகின்றது. அவன் கையில் ஏதாவது வைப்பதென்றால் அவன் கையிலேயே வையுங்கள். பூசைக்குப் போனாயா என்று அவனிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவன் முதலாளியிடம், அதுவும் அன்பாக, கேளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை அந்தத் தம்பிக்கு. கடைகளில் பழைய பத்திரிகை வடை சுற்றப் பயன்படுவது வழக்கம். அப்படியாவது இது உன் கைக்கு வரக்கூடும். உனக்கு லீவு செவ்வாய்க்கிழமை என்றால், செவ்வாய்க்கிழமைதான் உன் ஓய்வு நாள். அன்று நன்றாக நித்திரை கொள். பின்னேரம் பண்ணைக்குப் போ. ஐஸ்கிறீம் கடையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு கதிரையில் இரு. கொண்டு வருகின்றவனோடு இரண்டு வார்த்தை பேசு. வழியில் தேவாலயக் கதவு திறந்திருக்கும். பூசை இல்லாவிட்டாலும் உள்ளே போய் உட்கார்ந்திரு. ஆட்கள் இல்லாத நேரம், ஆறுதலாக இருக்கலாம்.